ஐம்பது ரூபாய் அறம்

எங்கள் குழுவில் நெடுநாளாக இருக்கும் நண்பர் ஒருவர் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவர். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் ஒண்டுக்குடித்தனம். மாதச் சம்பளம் 17,000 ரூபாய். சென்ற மழைக்காலத்தில் சாக்கடையோரம் நனைந்து கிடந்த நாய்க்குட்டி ஒன்றை அவருடைய மகள் வீட்டுக்கு எடுத்துவந்தாள். செவலை என்று பெயரிட்டார்கள். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு மாலையில் அது வாந்தியெடுத்தது. இரவுக்குள் இரத்தம் கலந்த கழிச்சல். அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்வோ என்றார்கள். ஐந்து நாட்கள் அங்கேயே வைத்து டிரிப்ஸ் ஏற்ற 20,000 வரை ஆகும், முன்பணமாக 8,000 கட்ட வேண்டும் என்றார்கள். நண்பரிடம் அன்று 1,200 ரூபாய் இருந்தது. தவணையாகத் தரலாமா என்று கேட்டபோது வரவேற்பு மேசையில் இருந்தவர் சொன்ன பதில்தான் இக்கட்டுரையை எழுதவைத்திருக்கிறது. "முடியாதுன்னா எதுக்கு சார் வளர்க்கறீங்க?"

அன்றிரவு வீட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கரண்டியால் புகட்டிப் பார்த்தார்கள். புகட்டியதெல்லாம் வெளியே வந்தது. விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார். அங்கே சொற்பக் கட்டணத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நண்பகலில் அது இறந்துபோனது. முந்தைய இரவே ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் பார்வோவில் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீர் வற்றிப்போவதும் அதைத் தொடர்ந்து இரத்தத்தில் பரவும் கிருமிகளும்தான் என்பதையும், அந்த நோயில் ஓர் இரவு என்பது சிறிய காலம் அல்ல என்பதையும் மருத்துவம் அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார்கள்.

நண்பர் இதை எங்களிடம் சொன்னது மூன்று வாரங்கள் கழித்து. அதுவும் வெட்கத்தோடு. நாய் செத்ததைவிட, மேசையருகே நின்று சட்டைப்பையைத் தடவிய அந்த நிமிடம்தான் அவரை அதிகமாக வருத்தியிருந்தது.

*

'முடியாதவன் வளர்க்கக் கூடாது' என்பது இன்று நம் நகரங்களில் அறவுரையாகவே ஆகிவிட்டது. பிராணி நேசர்கள் சொல்கிறார்கள். பிராணிகளை வெறுப்பவர்கள் சொல்கிறார்கள். பணம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால் பணம் இல்லாதவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். பொறுப்பு என்னும் நல்ல சொல்லைப் போர்த்திக்கொண்டு வருவதால் இதன் உள்ளே இருப்பதை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

நாம் சற்றே புரட்டிப் பார்க்கலாம். அந்தக் குட்டியை நண்பர் கடையில் வாங்கவில்லை. அவர் 'வளர்க்காமல்' விட்டிருந்தால் அது மருத்துவ வசதியுள்ள வேறொரு வீட்டுக்குப் போயிருக்காது. சாக்கடையோரத்திலேயே, அதே நோயில், எவர் மடியிலும் இல்லாமல் செத்திருக்கும். ஆக அந்த வாசகம் குட்டியின் நலன் கருதிச் சொல்லப்படுவது அன்று. அது சொல்வது இவ்வளவே: உயிர்கள்மீதான பரிவும் இனி வருமான வரம்புக்கு உட்பட்டது. பேகன் மயிலுக்குப் போர்வை தந்த கதையைப் பள்ளியில் சொல்லித்தருகிறோம். அந்த மயிலுக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டு, ரசீதோடு எவரும் பேகன் வாசலில் நிற்கவில்லை என்பதால்தான் அக்கதை அத்தனை எளிதாக முடிந்துவிடுகிறது.

நிற்க. நண்பர் பக்கமும் பிழை உண்டு. அதை அவரே முதலில் ஒப்புக்கொண்டார். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். தெருவில் பிறந்த குட்டிக்கு இயற்கையே எதிர்ப்புசக்தி கொடுத்திருக்கும் என்று நம்பியிருக்கிறார். பார்வோ 1978-ல்தான் புதிய நோயாகக் கண்டறியப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. அது தெருநாய், சாதிநாய் என்று பார்ப்பதில்லை. கழிச்சல் பட்ட மண்ணில் ஓராண்டுக்குமேல்கூடத் தங்கும். இதையெல்லாம் அவருக்கு எவரும் சொல்லவில்லை. அறியாமைக்கு ஒரு விலை உண்டுதான். அதை அந்தக் குட்டி கொடுத்துவிட்டது.

*

இனி மருத்துவர் பக்கம். எளிதான ஒரு வில்லனைத் தேடுவோர் இங்கே ஏமாந்துபோவார்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பு, நகரில் வாடகை, எக்ஸ்ரே கருவியும் ஸ்கேன் கருவியும் இரத்தப் பரிசோதனைக் கருவியும் மனித மருத்துவமனையில் உள்ளவற்றின் உறவினர்களே, விலையும் ஏறக்குறைய அதே. ஆனால் வரும் நோயாளிகளோ மிகக் குறைவு. மனித மருத்துவமனையில் செலவைத் தாங்க அரசுக் காப்பீடு இருக்கிறது, தனியார் காப்பீடு இருக்கிறது, அலுவலகம் தரும் பணம் இருக்கிறது. நாயின் பின்னால் நிற்பது அதைத் தூக்கிவந்தவரின் சட்டைப்பை ஒன்றே. செல்லப்பிராணிக் காப்பீட்டை இங்கும் சில நிறுவனங்கள் விற்கின்றன. ஏற்கனவே உள்ள நோய்க்கு இல்லை, குறிப்பிட்ட வயதுக்குமேல் இல்லை என்னும் நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் பிராணிக்கு வயதாகிவிடுகிறது.

எனவே கட்டணம் உயர்ந்திருப்பது எங்கள் முதல் புகார் அல்ல. எங்கள் புகார், 20,000 அல்லது ஒன்றுமில்லை என்று இரண்டே வாசல்களைத் திறந்துவைத்திருக்கும் ஏற்பாட்டின்மீது. நடுவில் வாசல்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பார்வோவுக்கு ஒரு வெளிநோயாளிச் சிகிச்சை முறையை வகுத்தார்கள். தொடக்கத்தில் இரத்தநாளம் வழியே நீர் கொடுத்து நிலைப்படுத்துவது. பிறகு தோலுக்கடியில் நீர் ஏற்றுவது, வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்டநேரம் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி. 2017-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 40 நாய்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மருத்துவமனையிலேயே வைத்து முழுச் சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்கு 90 பிழைத்தன. வெளிநோயாளி முறையில் நூற்றுக்கு 80.

சிறிய ஆய்வுதான், கண்காணிப்பு மிகுந்த சூழலில் செய்யப்பட்டதும்கூட. ஆயினும் அந்த 90-க்கும் 80-க்கும் இடையிலுள்ள தூரத்தையும், 80-க்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையும் ஒருமுறை மனத்தில் வைத்துப் பாருங்கள். நண்பருக்கு மறுக்கப்பட்டது அந்தப் பெரிய தூரம். அவரிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எதற்கு வளர்க்கிறீர்கள்' என்பதல்ல. 'உங்களால் எவ்வளவு முடியும்? அதற்குள் எது சிறந்தது என்று பார்ப்போம்' என்பது. நல்ல மருத்துவர்கள் பலர் ஓசையில்லாமல் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி ஓர் ஏற்பாடு நடக்கக் கூடாது.

*

அரசு இவ்விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதை அதன் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். கால்நடை பராமரிப்புத் துறை. மாடு என்னும் சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள் உண்டு. இந்நாட்டில் நவீனக் கால்நடை மருத்துவம் குதிரைப்படையையும் உழவுமாட்டையும் காக்கும் பொருட்டு வளர்ந்தது. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்ட காலத்தில் மாட்டு வெக்கை நோய் கிராமங்களை அழித்துக்கொண்டிருந்தது. அந்நோய் பின்னர் என்ன ஆயிற்று என்பதை நாம் நினைவுகூர வேண்டும். பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் அது, 2011-ல் அறிவித்தார்கள். இங்கே அரசு ஊழியர்கள் தொழுவம் தொழுவமாகப் போய் ஊசி போட்டார்கள். 'ஊசிக்குக் காசில்லாதவன் ஏன் மாடு வைத்திருக்கிறாய்' என்று எந்தக் குடியானவனையும் கேட்கவில்லை. நோய் பொதுக்காரியம் என்று கருதப்பட்டபோது பணம் தடையாக இருக்கவில்லை.

நாயும் பூனையும் செல்வம் அல்ல. ஆகவே அவற்றின் நோய் பொதுக்காரியமும் அல்ல. சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் யோசித்தது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம், பிராணியைக் கொன்றவனைத் தண்டிக்கும் முன் அதன் விலை பத்து ரூபாய்க்கு மேலா, ஐம்பது ரூபாய்க்கு மேலா என்று கேட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த விலைக் கேள்வியை நீக்கியிருக்கிறது, வரவேற்போம். ஆனால் 1960-ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அது எழுதிவைத்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். 2022-ல் திருத்த வரைவு ஒன்று வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது.

ஆக, ஒரு பக்கம் காப்பாற்றுவதற்கு 20,000. மறுபக்கம் இரவோடு இரவாகக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டு வந்தால், பிடிபட்டால், ஐம்பது. இந்தக் கணக்கை நாம் எழுதிவைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட நாய்கள் தெருவில் பெருகுகின்றன என்று பத்திரிகைகளில் அங்கலாய்க்கிறோம்.

*

'மனிதனுக்கே மருத்துவமில்லாத நாட்டில் நாய்க்கு என்ன கேடு' என்னும் எதிர்க்குரல் எழும் என்று தெரியும். அதைப் புறந்தள்ள மாட்டோம். அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எங்களிலும் உண்டு. ஆனால் குழந்தையின் மருந்தைப் பிடுங்கி நாய்க்குக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. அத்தோடு, மனித நோய் வேறு நாய் நோய் வேறு என்ற பிரிவினையே பொய். வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்வோம். உலகில் அந்நோயால் இறப்போரில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்க்கு அது தொற்றுவதில் நூற்றுக்கு 99 நாய் வழியே. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் பரவல் அறுந்துபோகும். பாஸ்டர் 1885-ல் கண்டுபிடித்த வழி. குன்னூரில் 1907 முதல் அவர் பெயரால் ஒரு நிறுவனமே நடக்கிறது. கடிபட்ட மனிதனுக்கு அரசு இலவசமாக ஊசி போடுகிறது. கடிக்கும் முன்பே நாய்க்குப் போடுவது அதைவிட மலிவு. செலவுக்கு அஞ்சி மருத்துவரின் வாசலை மிதிக்காத நாய், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சுகாதாரப் பிரச்சினையும்தான்.

செலவுக்கு அஞ்சுவோர் வேறென்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, மருத்துவருக்கு 500 ரூபாய் கொடுக்க இயலாமல், சோர்ந்து கிடந்த பூனைக்குத் தன் காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தார். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மனிதனுக்குரிய ஒரு மாத்திரையே அதைக் கொல்லப் போதும். நாய்க்கு இபுபுரூஃபன் அப்படி. அந்தப் பெண்மணி செய்தது அன்பினால். மறுநாள் காலை பூனையின் நாக்கு ஏன் நீலமாகியது என்று அவருக்கு விளங்கவேயில்லை.

*

நாட்டில் பணம் பெருகினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. பணம் பெருகிய நாடு ஒன்றைப் பார்ப்போம். பிரிட்டனில் 2013-ல் பத்தில் ஒரு மருத்துவகமே பெரு நிறுவனங்களின் கையில் இருந்தது. பத்தாண்டுகளில் அது பத்தில் ஆறாயிற்று. 2016-க்கும் 2023-க்கும் இடையே கட்டணங்கள் 63 விழுக்காடு ஏறின என்று அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கண்டது. 2024 மேயில் முறையான விசாரணை தொடங்கி, 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில் ஆணையம் முன்வைத்தவை மிக எளியவை: கட்டணப் பட்டியலை வெளிப்படையாக வையுங்கள், பெரிய சிகிச்சைக்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் கொடுங்கள், மருத்துவகத்தின் உரிமையாளர் யார் என்று சொல்லுங்கள். வசதியுள்ள நாட்டிலும் செவலையின் கதை நடக்கிறது என்பதே இதன் பொருள்.

அதே நாட்டில்தான் 1917-ல், உலகப்போரின் நடுவில், லண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த வொயிட்சேப்பல் பகுதியில் மரியா டிக்கின் என்னும் பெண்மணி, ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். அது தொடங்கிய அமைப்பு நூறாண்டு கடந்தும் நடக்கிறது. மனிதர்களே மடிந்துகொண்டிருந்த நேரம் அது. 'முதலில் மனிதர்' என்று சொல்லி அவரை எவரும் தடுத்திருக்கலாம். நம் சென்னையிலும் 1959-ல் புளூ கிராஸ் தொடங்கியபோது ஊர் செழிப்பில் மிதக்கவில்லை.

*

இறுதியாக நம்மை நோக்கி. 2003-ல் ஒரு தொலைபேசி விளம்பரத்தில் பக் நாய் சிறுவனின் பின்னால் ஓடியது. நகரமெங்கும் பக் வேண்டும் என்றார்கள். நசுங்கிய மூக்கோடு மூச்சுவிடத் திணறும்படி மனிதன் திட்டமிட்டு உருவாக்கிய இனம் அது. அதை வாங்கும் நாளிலேயே சிகிச்சைச் செலவையும் சேர்த்து வாங்குகிறோம். ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல்தலை வெளியிட்டோம். தெருவில் பிறந்த கலப்புக் குட்டியை வீட்டில் சேர்க்க இன்னும் கூசுகிறோம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடுகிறோம். மருத்துவரிடம் 'எவ்வளவு ஆகும்' என்று கேட்பதை கௌரவக் குறைவாக நினைத்துத் தலையாட்டிவிட்டு, இரண்டாம் நாள் தொலைபேசியை எடுக்காமல் பிராணியை அங்கேயே விட்டுவிடுகிறோம். மீட்சியில்லாத நோயில் வலியின்றி முடித்துவைக்க மருத்துவர் சொல்லும்போது அது பாவம் என்று மறுத்து, பிறகு இரவில் ஊருக்கு வெளியே இறக்கிவிடுகிறோம். இவற்றில் எதற்கும் வறுமையைக் காரணம் காட்ட முடியாது.

விலையைக் கேட்பது இழுக்கு அன்று. மாதம் இருநூறு ரூபாயை ஓர் உண்டியலில் போட்டுவைப்பது, தடுப்பூசியை நாள் தவறாமல் போடுவது, வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் உள்ள கல்லூரி மருத்துவமனைகளை ஆபத்து வரும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது, இவை அன்பின் பகுதிகள். அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் நிலவைக் கேட்பதுபோல் அல்ல: எல்லா மருத்துவகங்களிலும் கட்டணப் பலகை, எழுத்தில் மதிப்பீடு, மாவட்டத்துக்கு ஒன்றாவது இரவிலும் திறந்திருக்கும் அரசு மருந்தகம், 1960-ன் ஐம்பது ரூபாய்க்கு ஒரு முடிவு.

நண்பரின் மகள் இப்போது இன்னொரு குட்டியைப் பார்த்துவைத்திருக்கிறாள். தெருமுனை இட்லிக் கடையின் பின்னால், கறுப்பு, ஒரு காதில் வெள்ளை. நண்பர் எங்களிடம் யோசனை கேட்டார். முதல் தடுப்பூசிக்கான பணத்தை நாங்கள் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். 'முடியாதவன் ஏன் வளர்க்கிறாய்' என்று அவரை எங்களில் எவரும் கேட்கப்போவதில்லை.